ஓட்டு இல்லை என்ற தெருவில் மூன்று வாரம்

"இதுக்கு மேல வண்டி போகாதும்மா" என்று ஆட்டோக்காரர் இன்ஜினை நிறுத்தினார். எட்டிப் பார்த்தேன். தெரு இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஒரு பள்ளம் இருந்தது. பள்ளத்தின் ஓரத்தில் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு மண் மேடு. தூரத்தில் வரிசையாக வீடுகள். அந்த வீடுகளில் ஒன்றில்தான் என் மகள் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள்.

நான் மலேசியாவில், சுங்கைப்பட்டாணியில் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவள். மகள் யாழினி பொத்தேரியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கால் பிசகிக் கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. விடுதியில் அவள் அறை மூன்றாம் மாடி. ஏற முடியாது என்பதால் கூடப் படிக்கும் பெண் மேற்குத் தாம்பரத்தில் தன் சித்தி வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்திருந்தாள். அந்தச் சித்திதான் அமுதா.

பெட்டியை மண் மேட்டில் உருட்ட முடியாமல் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அமுதா வாசலுக்கு ஓடி வந்து பெட்டியை வாங்கினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அந்த இடமெல்லாம் வயலாக இருந்த காலத்திலிருந்தே அங்கே இருக்கும் குடும்பம். மாடியில் அவர்கள் இருந்தார்கள். கீழே முன்னறையில் மட்டும் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பசியாறிட்டீங்களா?" என்று மறுநாள் காலையில் நான் வழக்கம்போல் கேட்டேன். எங்கள் ஊரில் அது காலை வணக்கம் மாதிரி.

அமுதா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "ஐயோ, உங்களுக்குப் பசிக்குதா அக்கா? நேத்தே கேட்டிருக்கணும்" என்று மாடிக்கு ஓடி, ஐந்து இட்லியும் ஒரு கிண்ணம் வடகறியும் கொண்டு வந்துவிட்டார். நான் ஏற்கெனவே ரொட்டி சாப்பிட்டிருந்தேன். சொல்லக் கூச்சமாக இருந்ததால் இன்னொரு முறை சாப்பிட்டேன். கடலைப் பருப்பு வடையை உதிர்த்துப் போட்ட அந்தக் குழம்பு கிடைக்குமென்றால் தினமும் தப்பாகவே பேசலாம் என்று தோன்றியது.

யாழினிக்கு ஊன்றுகோல் தேவைப்பட்டது. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தையில் எல்லாப் பழைய சாமானும் கிடைக்கும் என்றார் அமுதா. போனேன். பழைய டெலிபோன், கால் இல்லாத நாற்காலி, புறாக் கூண்டு, துருப்பிடித்த டம்பெல்ஸ் எல்லாவற்றையும் தாண்டி ஒரு கடையில் ஒரு ஜோடி ஊன்றுகோல் நின்றது. ஒன்று இன்னொன்றைவிட இரண்டு விரல்கடை உயரம். "ஸ்க்ரூவைத் திருப்பினா சமமாயிடும்" என்றார் கடைக்காரர். கடைசி நாள் வரை சமமாகவில்லை.

திரும்பும்போது பேருந்தில் கண்டக்டர் என் பணத்தை வாங்க மறுத்தார். கையில் ஒரு சீட்டை மட்டும் கொடுத்தார். நான் மீண்டும் நீட்டினேன்.

"லேடீஸ்க்கு ஃப்ரீம்மா."

"நான் இந்த ஊர் இல்லை. மலேசியா."

"நீ எந்த ஊரா இருந்தா இன்னா? லேடீஸ்தானே" என்று அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

இலவசப் பேருந்து என்னை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டது. உள்ளே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். கொளுத்தும் வெயில் தணிந்திருந்தாலும் மண்ணின் சூடு தணியவில்லை. இரண்டு ஊன்றுகோல்களைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளத்தின் ஓரமாக நடந்தேன். முன்னால் ஏழெட்டுப் பெண்கள் ஒற்றை வரிசையில் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் போனவர் திரும்பி, என் தோளைப் பார்த்துவிட்டு ஒன்றை வாங்கித் தான் ஊன்றிக்கொண்டார்.

"யாருக்கு கால்ல அடி? இந்த ரோட்ல விழுந்தாங்களா?"

"இல்லை, என் மகள். வேற இடத்துல."

"பரவால்ல. இங்க விழுந்தவங்க நாலு பேரு கீறாங்க" என்றார். பெயர் எஸ்தர். பல்லாவரத்தில் தோல் கையுறை தைக்கும் யூனிட்டில் வேலை. நானும் கையுறைத் தொழிற்சாலைதான் என்றதும் நின்றுவிட்டார். நடுரோட்டில், அதாவது நடுப்பள்ளத்தின் ஓரத்தில், என் கையைப் பிடித்துத் திருப்பி விரல் நுனிகளைப் பார்த்தார். "உங்களுது ரப்பரு. அதான் தோலு நல்லா கீது" என்று தன் விரல்களைக் காட்டினார். கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் ஊசி ஏறிய தழும்புகள்.

வீடு வருவதற்குள் முழு விஷயத்தையும் சொல்லிவிட்டார். பாதாளச் சாக்கடைக் குழாய் போடத் தோண்டினார்கள். குழாய் பாதி தூரம் வந்தது. வேலை நின்றது. அதுவரை தெருமுனைக்கு வந்துகொண்டிருந்த சிறிய பேருந்தும் நின்றது. எல்லாப் பெண்களுக்கும் பேருந்து இலவசம், ஆனால் பேருந்து வருவதில்லை. அமுதாதான் வீடு வீடாகப் போய்ப் பெண்களைச் சேர்த்து மனுக் கொடுக்க ஆரம்பித்தார். ஒரு வருடமாக அலைகிறார்கள். இன்னும் பத்து நாளில் பார்லிமென்ட் தேர்தல். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்.

அந்த மீட்டிங்கில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

மொட்டை மாடியில் பாய் விரித்திருந்தார்கள். யாழினியைக் கீழே விட்டுவிட்டு, டீ கொண்டு போவதற்காக நான் மேலே போனேன். அமுதா எழுந்து பேசினார். அவர் குரல் உயரவே இல்லை. "எத்தனை மனு கொடுத்தோம்னு எனக்கே மறந்துபோச்சு. ஒவ்வொரு ஆபீஸ்லயும் அடுத்த ஆபீஸுக்குப் போகச் சொல்றாங்க. இந்தத் தடவை யாரும் ஓட்டு போட வேண்டாம். 'ரோடு இல்லை, பஸ் இல்லை, ஓட்டும் இல்லை'ன்னு தெருமுனையில பேனர் கட்டுவோம். அப்பதான் திரும்பிப் பார்ப்பாங்க."

மளிகைக் கடை சரஸ்வதி கைதட்டினார். எலெக்ஷன் அன்று தெருவிலிருந்து ஒரு ஈ கூட வெளியே போகக் கூடாது என்றார். பலர் தலையாட்டினார்கள். முன்வரிசையிலிருந்த எஸ்தர் மட்டும் எழுந்தார்.

"அமுதாக்கா, உங்களுக்கு வூடு கீது, ஸ்கூட்டி கீது. நான் குறை சொல்லல. ஆனா அந்த ஒரு நாளு வரிசைல நிக்க சொல்லோ உங்களுக்கும் ஒண்ணு, எனக்கும் ஒண்ணு. வேற எதுல அப்டி கீது சொல்லுங்க. அதையும் நானே வேணாம்னு சொல்லணுமா?"

அமுதாவின் முகம் சிவந்தது. "சரி, கை தூக்குங்க. எது அதிகமோ அதுக்கு எல்லாரும் கட்டுப்படணும்" என்றார். யார் எண்ணுவது என்று பேச்சு வந்தது. அமுதா எண்ணினால் எஸ்தர் பக்கத்துக்காரர்கள் முணுமுணுப்பார்கள். எஸ்தர் எண்ணினாலும் அப்படித்தான். கடைசியில் எல்லார் பார்வையும் டீத் தட்டோடு நின்ற என் மேல் திரும்பியது.

"மலேசியாக்காரம்மா எண்ணட்டும். அவங்களுக்கு இங்க ஓட்டே இல்ல" என்றார் சரஸ்வதி.

முதலில் ஓட்டுப் போடலாம் என்பவர்கள். இருபத்தொன்று. அப்புறம் வேண்டாம் என்பவர்கள். இருபத்தொன்று வரை வந்து, முன்னால் இன்னொரு கை தெரிய, இருபத்திரண்டு. சொன்னேன். அமுதா ஒரு பெருமூச்சு விட்டார். எஸ்தர், "தீர்மானம்னா தீர்மானம்தான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

பிறகு டீ கொடுத்தேன். காகிதக் கோப்பைகளை நான்தான் எண்ணி அடுக்கியிருந்தேன். எல்லாருக்கும் கொடுத்து முடிந்தபோது நாற்பத்திரண்டு கோப்பைகள் போயிருந்தன. நாற்பத்திரண்டு பேர். நான் எண்ணியதோ நாற்பத்து மூன்று கைகள். அங்கேயே நின்று மறுபடி தலைகளை எண்ணினேன். நாற்பத்திரண்டுதான். தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் எண்ணுகிறவள் நான். ஆனால் எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கியிருந்தார்கள். வாயைத் திறக்கவில்லை.

பேனர் ஏறியது. இரண்டு நாளில் ஒரு அதிகாரி ஜீப்பை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். பாவம், பேன்ட் முழங்கால் வரை மண். தேர்தல் முடியட்டும், பார்க்கலாம், ஓட்டு உங்கள் உரிமை என்றார். "எழுதிக் கொடுங்க சார்" என்றார் அமுதா. இப்போது எதையும் எழுதித் தர விதியில்லை என்றார். "அப்ப பேனரையும் அவிழ்க்க விதியில்லை" என்றார் அமுதா. அதிகாரி தண்ணீர் கேட்டார். அமுதா மோர் கொடுத்தார். குடித்துவிட்டு இருவரும் நல்லபடியாகவே பிரிந்தார்கள். சண்டையா சமாதானமா என்று எனக்குப் புரியவில்லை. யாழினியிடம் கேட்டேன். "ரெண்டும்தான்மா" என்று புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

தேர்தல் நாள் வந்தது. எங்கள் ஊரில் அன்று பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் கட்சிக் கொட்டகைகளும் கொடிகளும் நிறைந்து கல்யாண வீடு போல இருக்கும். இங்கே தெரு கப்சிப் என்றிருந்தது. பேனருக்குக் கீழே அமுதா இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு ஒன்றில் உட்கார்ந்தார். இன்னொன்றில் எஸ்தர். ஓட்டுப் போட வேண்டும் என்று சொன்ன எஸ்தர்தான் காலை ஏழு மணிக்கே, பூத் சிலிப்பை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, காவலுக்கு வந்தார். எனக்கு மூன்றாவது நாற்காலி வந்தது.

எட்டு மணிக்குச் சரஸ்வதி பையோடு வந்தார். கடைக்குச் சரக்கு எடுக்கப் போகிறேன் என்றார். ஒன்பதரைக்கு வெறும் பையோடு திரும்பினார். இன்னொருவர் அண்ணன் மகளுக்குக் காய்ச்சல் என்று போனார். இரண்டு பேர் கோயிலுக்கு. ஒருவர் பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போய், கன்னத்தை விட்டுவிட்டு, இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். என் போனில் யாழினியிடமிருந்து செய்தி வந்தது. ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "மளிகைக் கடை ஆன்ட்டி ஆட்காட்டி விரலில் மஞ்சள் பூசியிருக்கார். பச்சை வீட்டு ஆன்ட்டி பிளாஸ்திரி."

நான் அமுதாவை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் நேராகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு மேல் பிளாஸ்திரி போட்ட விரல் இன்னொன்று கடந்து போனது.

"எல்லாருக்கும் ஒரே விரல்லதான் காயம்" என்றார் மெதுவாக.

மதியம் அவர் சாப்பிட மாடிக்குப் போனார். எஸ்தர் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டு வந்திருந்தார். டப்பா மூடியில் எனக்கும் வைத்தார்.

"உங்க ஊர்ல எப்டிக்கா? மிஷினா, காகிதமா?"

"காகிதம். பெட்டியில போடுவோம்."

"யாருக்கு போடுவீங்க?"

"எங்க வீட்டுக்காரர் சொல்றவருக்கு" என்றேன்.

"அவரு சொன்னதுக்கே போடுவீங்களா, இல்ல போட்டேன்னு சொல்லுவீங்களா?"

"அவர் சொன்னதுக்கேதான்."

எஸ்தர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எத்தினி வருசமா?" என்று மட்டும் கேட்டார். முப்பது வருடம் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. வறுவலில் இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளி வைத்தார்.

அந்தத் தைரியத்தில்தான் கோப்பைக் கணக்கைச் சொன்னேன். நாற்பத்திரண்டு பேருக்கு நாற்பத்து மூன்று கை. நான் தப்பாக எண்ணிவிட்டேன், உன் ஓட்டு என்னால் போகிறது என்றேன்.

"நீங்க சரியாத்தான் எண்ணினீங்க" என்றார் எஸ்தர். "ரெண்டு தபா தூக்கினது நான்தான்."

சோற்றை வாயில் வைக்காமல் பார்த்தேன்.

"முன்னாடி உக்காந்துகினு நானும் எண்ணினேன். அதுவும் இருபத்தொண்ணு, இதுவும் இருபத்தொண்ணு. சமமா நின்னா இன்னா ஆவும்? பாதி பேரு அமுதாக்கா பக்கம், பாதி பேரு எம்பக்கம். அன்னிக்கே ரெண்டா ஒடஞ்சிடும். ரெண்டா ஒடஞ்ச கூட்டத்துக்கு யாரு ரோடு போடுவான்? அதான் தூக்கிட்டேன்."

"உனக்கு ஓட்டுப் போடணும்னு இருந்ததே?"

"இப்பவும் கீது" என்று டப்பாவை மூடினார்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இது நான் தலையிடக் கூடிய விஷயமா? சொன்னால் எஸ்தர் காப்பாற்றி வைத்ததை நானே உடைத்துவிடுவேனோ? சொல்லாமலிருந்தால் தீர்மானத்தை எதிர்த்தவள் ஒருத்தி மட்டும் அதற்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்க, கைதட்டியவர்கள் மஞ்சள் பூசிக்கொண்டு திரிகிறார்கள். வெயில் சாய்ந்தது. நாலு மணி, ஐந்து மணி. அமுதா பக்கத்தில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தேகாலுக்கு என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

சொல்லி முடித்ததும் எஸ்தர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அமுதா எஸ்தரைப் பார்த்தார். அப்புறம் பேனரை அண்ணாந்து பார்த்தார்.

"என்னை என்னன்னு நினைச்சே? தோத்துட்டா விட்டுட்டுப் போயிடுவேன்னா?" என்றார் கடைசியில்.

"போயிட மாட்டீங்களா?" என்று கேட்டார் எஸ்தர். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது.

அமுதா எழுந்து வீட்டுக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார், எல்லாம் என்னால் வந்த வினை என்று நான் கையைப் பிசைந்தேன். இரண்டு நிமிடத்தில் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் கையிலும் பூத் சிலிப் இருந்தது.

"ஏறு."

"தீர்மானம்?"

"தீர்மானம் எங்க இருக்கு? பாதிக்குப் பாதி. ஏறு, ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்திடுவாங்க."

நாலு வீடு தாண்டியதும் முன்சக்கரம் மண்ணோடு பள்ளத்தில் இறங்கியது. இருவரும் குதித்துவிட்டார்கள். நான் ஓடினேன். மூன்று பேரும் இழுத்தும் வண்டி வரவில்லை. பச்சை வீட்டு ஆன்ட்டி ஓடி வந்தார். பல்வலிக்காரர் வந்தார். சரஸ்வதி கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். மஞ்சளும் பிளாஸ்திரியுமாக ஆறேழு இடது கைகள் ஒரே நேரத்தில் வண்டியைப் பிடித்தன. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வண்டி மேலே வந்தது. அமுதா சரஸ்வதியின் விரலைப் பார்த்துவிட்டு, "பூத்துல கூட்டம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல. நேரா போ" என்றார் சரஸ்வதி.

ஏழு மணிக்குத் திரும்பி வந்தார்கள். கேட் சாத்த ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே நுழைந்து, வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுத்த டோக்கனை வாங்கியிருக்கிறார்கள். எஸ்தர் தன் விரலை மறைக்கவில்லை. நகத்திலிருந்து தோல் வரை இழுத்த கோடு, தழும்புகளுக்கு மேலே கருநீலமாக இருந்தது. பேனரை அவிழ்க்க உதவலாம் என்று நான் ஒரு நாற்காலியின் மேல் ஏறினேன்.

"ஏன் அவிழ்க்கிறீங்க?" என்றார் அமுதா.

"எல்லாரும் ஓட்டுப் போட்டாச்சே."

"ரோடு வந்துடுச்சா?"

நான் இறங்கினேன்.

அடுத்த வாரம் அதே அதிகாரி மறுபடி நடந்து வந்தார். இந்தத் தெருவில் நிறைய ஓட்டு விழுந்திருக்கிறதே, அப்புறம் எதற்கு இந்தப் பேனர், ஊரை ஏமாற்றுகிறீர்களா என்று கேட்டார். அமுதா வாயைத் திறக்குமுன் எஸ்தர் முன்னால் வந்தார்.

"போட்டுட்டோம் சார். ஒருத்தரு விடாம போட்டோம். அதனாலதான் கேக்குறோம்."

அதிகாரி சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். அவர் போன பிறகு சரஸ்வதி, "நாம ஜெயிச்சோமா தோத்தோமா?" என்று பொதுவாகக் கேட்டார். எனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

யாழினிக்கு மாவுக்கட்டை மாற்றி, காலூன்றி நடக்கிற மாதிரி வேறு கட்டுப் போட்டார்கள். கல்லூரி விடுதியில் தரைத்தளத்தில் அறையும் கிடைத்தது. நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு லாரி வந்து தெருமுனையில் ஒரு லோடு ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போனது. யார் அனுப்பியது என்று டிரைவருக்கே தெரியவில்லை. கொட்டச் சொன்னார்கள், கொட்டினேன் என்றாராம். புறக்கணிப்பால் வந்ததா, ஓட்டால் வந்ததா, நோட்டில் எழுதியதால் வந்ததா, வேறு தெருவுக்குப் போக வேண்டியது தவறி வந்ததா என்று இரவு முழுதும் தெருவில் பேச்சு.

மறுநாள் காலை ஆட்டோவுக்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு வந்தபோது பெண்கள் எல்லாரும் அங்கே நின்றார்கள். அமுதா மண்வெட்டியோடு வந்திருந்தார். ஆளுக்கு ஒரு சட்டி எடுத்தால் மத்தியானத்துக்குள் பள்ளத்தை நிரவிவிடலாம், இன்னொருத்தர் விழுவதற்குள் செய்வோம் என்றார். எஸ்தர் வேலைக்குப் போகிற புடவையில் ஜல்லி மேல் உட்கார்ந்திருந்தார்.

"தொடாதீங்கக்கா. நாமளே நிரவிட்டா வேல முடிஞ்சிதுன்னு எழுதிடுவான். அப்புறம் குழாயும் வராது, பஸ்ஸும் வராது. கொட்டினவன் வந்து போடட்டும்."

"அதுவரைக்கும் நடக்கிறது நீதானே?"

"நான்தான். அதனாலதான் சொல்றேன்."

ஆட்டோக்காரர் பெட்டியை ஏற்றினார். யாழினி ஏறி உட்கார்ந்து கட்டுக் காலை என் பெட்டியின் மேல் நீட்டிக்கொண்டாள். "இன்னாம்மா நடக்குது இங்க?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். தெரியவில்லை என்றேன். பொய் சொல்லவில்லை.

வண்டி திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். அமுதா மண்வெட்டியைக் கீழே வைத்தார். புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜல்லிக் குவியலின் மேல் தட்டுத் தடுமாறி ஏறி, எஸ்தருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரி, நீ சொல்லு. எல்லாரும் கேப்போம்" என்றார்.